சாத்தான்குளம் வழக்கின் காகிதங்கள்: போலீஸ் மீதான புகார் எங்கே நிற்கிறது, எங்கே சாய்கிறது

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் செல்போன் கடை விவகாரத்தில் ஒரு தந்தையைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனது. அவரைத் தேடிப் போன மகனும் திரும்பி வரவில்லை. ஊரடங்கு நேரம் முடிந்தும் கடை திறந்திருந்தது என்பதுதான் அவர்கள் மேல் சொல்லப்பட்ட குற்றம். மகன் 22ஆம் தேதி இரவு இறந்தார். தந்தை 23ஆம் தேதி விடியற்காலையில் இறந்தார். இருவரும் அப்போது கோவில்பட்டி கிளைச் சிறையின் கைதிகள்.

இதைக் கொடுமையின் கதையாகப் பேசிவிட்டோம், பேசவும் வேண்டும். போலீஸ் மீது புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் நிற்கும் ஒருவர் மட்டும் இதே வழக்கைக் காகிதம் காகிதமாக வாசிப்பது நல்லது. ஏனென்றால் ஜூன் 20 மாலை நிலவரப்படி கோப்பில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. முதல் தகவல் அறிக்கை இருந்தது. அரசு மருத்துவமனையின் உடல்தகுதிச் சான்று இருந்தது. குற்றவியல் நடுவரின் (மாஜிஸ்திரேட்) ரிமாண்ட் உத்தரவு, அதாவது சிறையில் அடைக்கும் உத்தரவு, இருந்தது. இருவரும் உயிரோடு இருந்து, மறுவாரம் ஜாமீனில் வந்து புகார் எழுதியிருந்தால், அந்தப் புகாருக்கு எதிராக இத்தனை அரசு முத்திரைகள் நின்றிருக்கும்.

கோப்பில் என்ன எழுதப்பட்டது

முதல் தகவல் அறிக்கையில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 188, 269, 294(பி), 353, 506(2) பிரிவுகள் போடப்பட்டன. 353 என்பது அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்குதல். இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இன்று இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) அது 132. ஸ்டேஷனில் அடிபட்டவர் மேல் இந்தப் பிரிவு வருவது பழக்கமான வழி. காயத்துக்கும் அதே அறிக்கையில் காரணம் எழுதியிருந்தார்கள்: இருவரும் தரையில் உட்கார்ந்து புரண்டதில் உள்காயம் ஏற்பட்டதாம். ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்து’ கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. சட்டப்படி இதன் எடை என்ன என்பதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பிறகு வரும் மருத்துவச் சான்று, ரிமாண்ட் அறிக்கை எல்லாம் இந்த வாக்கியத்தின் மேல்தான் அடுக்கப்படும்.

அடுத்த வாசல் மருத்துவமனை. ரத்தத்தில் நனைந்து லுங்கியை மாற்றி மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது என்று குடும்பத்தினர் சொன்னார்கள். அப்படியும் சிறைக்கு அனுப்பத் தகுதி உண்டு என்ற சான்று வந்தது. அதற்கடுத்த வாசல் நடுவர். அவர் இருவரையும் அருகில் வைத்து விசாரிக்காமலே ரிமாண்ட் செய்தார் என்பது அப்போதே எழுந்த குற்றச்சாட்டு. பிறகு சுமார் 100 கிலோமீட்டர் தாண்டிக் கோவில்பட்டி.

மூன்று வாசலிலும் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருக்க வேண்டும், பதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். போலீஸ் மீதான புகாரில் பாதி வேலை அந்தப் பதிலை எழுத வைப்பதுதான்.

கோப்பை உடைத்தவை

மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நீதிபதிகள் பி.என்.பிரகாஷ், பி.புகழேந்தி அமர்வு. காவல் மரணம் என்பதால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 176(1ஏ) பிரிவின்படி கோவில்பட்டி நடுவர் விசாரித்தார் (அந்தச் சட்டத்தின் இடத்தில் இன்று இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்.; அதில் இது 196). ஜூன் 28 அன்று அவர் ஸ்டேஷனுக்குப் போனபோது நடந்ததை உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கையாக அனுப்பினார். கேட்ட ஆவணங்கள் வரவில்லை. லத்திகளைக் கேட்டால் காது கேளாதவர்கள் போல் நின்றார்கள், ஒருவர் சுவரேறிக் குதித்து ஓடினார். ஒரு காவலர் நடுவரையே இழிவாகப் பேசினார். சிசிடிவி வன்தட்டில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், அன்றாடம் தானாக அழியும்படி அமைப்பு வைக்கப்பட்டிருந்தது. 19ஆம் தேதி இரவின் காட்சி இல்லை.

மறுநாளே ஸ்டேஷனை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு காவல் நிலையத்துக்குத் தாசில்தார் காவல் இருந்தது, தடயம் எவ்வளவு வேகமாக மறையும் என்பதை நீதிமன்றம் புரிந்துகொண்டதன் அடையாளம்.

வழக்கைத் திருப்பியவற்றைப் பாருங்கள். இரவு முழுக்க அடித்தார்கள், மேசையிலும் லத்தியிலும் ரத்தக்கறை இருக்கிறது என்று சொன்ன ஒரு பெண் தலைமைக் காவலரின் வாக்குமூலம். கடைத்தெருவிலேயே இருந்த தனியார் கேமராவின் காட்சி: முதல் தகவல் அறிக்கை சொன்ன ரகளை அதில் இல்லை. வீடியோ எடுக்கப்பட்ட பிரேதப் பரிசோதனை. இவற்றில் எதுவும் அந்த ஸ்டேஷன் அதிகாரிகள் எழுதிய காகிதம் அல்ல. முதலில் சி.பி.சி.ஐ.டி.யும் பிறகு சி.பி.ஐ.யும் விசாரித்ததில் கொலை வழக்காகி, இன்ஸ்பெக்டர் உட்பட ஒன்பது பேர் மேல் குற்றப்பத்திரிகை போனது. பத்தாவது நபர் அதற்குள் கொரோனாவில் இறந்துவிட்டார்.

2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில் கோயில் காவலாளி இறந்தபோதும், ஒருவர் மறைந்திருந்து எடுத்த செல்போன் காட்சிதான் பேசியது.

இரண்டுமே சாவு வழக்குகள். அடி வாங்கி உயிரோடு வருபவருக்கு உயர் நீதிமன்றம் தானாக வராது. அவர் தன் தடயத்தைத் தானே சேர்க்க வேண்டும். அதற்கு இருக்கும் காலம் முதல் இரண்டு மூன்று நாள்.

ஆளைக் கூட்டிப் போனதும்

வீட்டில் இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது 112க்கு அழைப்பது. அந்த அழைப்பின் நேரம் பதிவாகும். கூடவே மாவட்ட எஸ்.பி. அலுவலக மின்னஞ்சலுக்கு நான்கு வரி: யாரை, எந்த இடத்திலிருந்து, எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், எந்த ஸ்டேஷன் ஆட்கள் கூட்டிப் போனார்கள். பின்னால் கைதுக் குறிப்பில் ‘மறுநாள் காலை 6 மணிக்குப் பேருந்து நிலையத்தில் கைது’ என்று எழுதினால், இரவு 9.40க்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் அதை உடைக்கும். சட்டவிரோதக் காவலை நிரூபிக்க இதைவிட எளிய ஆவணம் இல்லை. இலவச சட்ட உதவி எண் 15100. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் வழக்கறிஞர் தர வேண்டும். ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு.

கைது என்றால் குறிப்பு எழுதி, ஒரு சாட்சியும் கைதானவரும் கையெழுத்திட வேண்டும். காரணம் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். காரணம் சொல்வதும் 24 மணி நேரமும் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவிலேயே உண்டு; கைதுக் குறிப்பு விதிகள் உச்ச நீதிமன்றத்தின் 1996 டி.கே.பாசு தீர்ப்பிலிருந்து வந்தவை. எல்லாமே இன்று பி.என்.எஸ்.எஸ்.ஸில் இருக்கின்றன. எது நடக்கவில்லையோ அதைத் தேதியோடு குறித்து வையுங்கள். புகாரின் பாதி அதுதான்.

மருத்துவமனையில் சொல்ல வேண்டிய வாக்கியம்

அரசு மருத்துவமனையில் அடிதடிக் காயத்தோடு போனால் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவு போடுவார்கள். ‘ஏ.ஆர். காப்பி’ என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். அதில் முதல் வரி, யார், எதனால், எப்போது, எங்கே தாக்கியதாக நோயாளி சொல்கிறார் என்பது. பயந்துபோய் ‘கீழே விழுந்துவிட்டேன்’ என்று சொன்னால் அது அப்படியே ஏறும். பிறகு வரும் எந்தப் புகாரையும் அந்த ஒரு வரி அடித்துவிடும். ‘தெரியாத நபர்கள்’ என்று எழுதப்படுவதும் அதே அளவு கெடுதல். சொல்ல வேண்டியது இப்படி: ‘நேற்று இரவு சுமார் 10 மணிக்கு இன்ன ஸ்டேஷனில், எனக்குத் தெரிந்த மூன்று போலீஸார் லத்தியால் இரண்டு தொடையிலும் இடது உள்ளங்காலிலும் அடித்தார்கள்.’ எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

லத்தி அடி தோலில் இரண்டு இணைகோடுகளாகப் பதியும், நடுவில் வெளுத்திருக்கும். இரண்டு மூன்று நாளில் அந்த வடிவம் கலைந்துவிடும். நிறமும் சிவப்பிலிருந்து நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறும். அதனால் ஒரே நாள் படம் போதாது. தினமும், அதே இடத்தை, பக்கத்தில் ஒரு அளவுகோலையோ நாணயத்தையோ வைத்து, முகமும் தெரியும் ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். உள்ளங்கால் அடியில் வெளிக்காயம் குறைவாகத்தான் தெரியும். வீக்கம், காலை ஊன்ற முடியாமை இரண்டையும் மருத்துவர் எழுத வேண்டும், எக்ஸ்ரே கேட்க வேண்டும். படம் எடுத்த போனை அழிக்காமல், விற்காமல் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி தரம் குறைந்து, எடுத்த நேரம் போன்ற விவரமும் இல்லாமல் போகும். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.வின் 63ஆம் பிரிவுச் சான்று வேண்டும்.

போலீஸ் காவலிலேயே மருத்துவமனைக்குக் கொண்டு போனால் பேச இடம் இருக்காது. அப்போது அடுத்த வாய்ப்பு ரிமாண்ட். நடுவர் ‘ஏதாவது குறை இருக்கிறதா’ என்று கேட்பார். கேட்காவிட்டாலும் சட்டையைத் தூக்கிக் காட்டி ‘அடித்தார்கள், பதிவு செய்யுங்கள்’ என்று சொல்ல வேண்டும். வழக்கறிஞர் அதையே எழுத்தில் மெமோவாகக் கொடுத்து, மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவு கேட்க வேண்டும். அதுவும் தவறினால் சிறை. உள்ளே எடுக்கும்போது காயங்களைச் சேர்க்கைப் பதிவேட்டில் குறிப்பார்கள். தன்னிடம் வந்தபோதே இருந்த காயத்துக்குச் சிறை பொறுப்பேற்க விரும்பாது என்பதால், அந்தப் பதிவேடு பல நேரம் உண்மையைச் சொல்கிறது.

கேமராவுக்குத் தனிக் கடிதம்

2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாசல், லாக்கப், நடைவழி, இன்ஸ்பெக்டர் அறை எல்லாவற்றிலும் ஒலியும் பதிவாகும், இரவிலும் தெரியும் கேமரா வேண்டும். பதிவை 18 மாதம், அது முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் ‘பழுது’ என்ற பதில்தான் அடிக்கடி வரும். ஆகவே காட்சி கேட்பதைப் புகாரின் கடைசிப் பத்தியில் புதைக்காமல், முதல் நாளே எஸ்.பி.க்குத் தனிக் கடிதமாக அனுப்புங்கள். ‘இன்ன தேதி இரவு 8 மணி முதல் மறுநாள் நண்பகல் 12 வரை, இன்ன ஸ்டேஷனின் எல்லாக் கேமராப் பதிவுகளையும் அழியாமல் பாதுகாக்கக் கோருகிறேன்’ என்று இரண்டே வரி போதும். அதன்பின் காட்சி காணாமல் போனால், அது தற்செயல் என்று சொல்வது கடினம். காட்சியைத் தருமாறு உத்தரவிடச் சொல்லிப் பிறகு பி.என்.எஸ்.எஸ். 94ன்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். பக்கத்துக் கடைகள், பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி கேமராக்களை மறக்க வேண்டாம். தனியார் கேமராவில் பழைய காட்சி சில நாளிலேயே புதியதால் மூடப்படும்.

புகாரை எழுதுவது

‘காட்டுமிராண்டித்தனமாகத் தாக்கினார், மனித உரிமையைக் காலில் மிதித்தார்’ என்று எழுதப்பட்ட மனுக்கள் ஏராளம். கோபம் நியாயமானது, விசாரிக்கும் அதிகாரிக்கு அதில் பிடி எதுவும் இல்லை. அதே சம்பவம் இப்படி எழுதப்பட்டால் வேறு: ‘எழுத்தர் மேசைக்குப் பின்னால் உள்ள அறையில், சீருடையில் இருந்த எஸ்.ஐ., பெயர்ப் பட்டையில் இந்தப் பெயர், என் கைகளை ஒரு காவலர் பிடித்துக்கொள்ள, சுமார் 3 அடி நீள நெகிழிக் குழாயால் வலது முழங்காலுக்குக் கீழ் நான்கைந்து முறை அடித்தார். அப்போது அறையில் மேலும் இருவர் இருந்தனர். ஒருவர் மீசை வைத்தவர், சாதாரண உடை.’ பெயர் தெரியாவிட்டால் அடையாளம் எழுதுங்கள், ஊகித்துப் பெயர் போட வேண்டாம். ஒரு பெயர் தவறாகிவிட்டால், அவர் அன்று விடுப்பில் இருந்ததை ஸ்டேஷன் பதிவேட்டைக் காட்டி நிரூபிப்பார்கள், புகார் முழுவதும் சாயும். நடக்காத ஒரு அடியைச் சேர்ப்பதும் அப்படியே. மருத்துவச் சான்றோடு பொருந்தாத ஒரே வரி, பொருந்தும் பத்து வரிகளைக் கெடுக்கும். பொய்ப் புகார் என்று பி.என்.எஸ். 217ன்படி திருப்பவும் இடம் கொடுக்கும்.

அடித்து வாக்குமூலம் வாங்க முயன்றால் பி.என்.எஸ். 120, சட்டவிரோத அடைப்புக்கு 127. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்துமா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பிரிவு எண் தெரியாததால் எந்தப் புகாரும் தள்ளுபடியாகாது. சம்பவம் சரியாக இருந்தால் பிரிவு தானே வரும்.

எங்கே, எந்த வரிசையில்

பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று உச்ச நீதிமன்றத்தின் 2013 லலிதா குமாரி தீர்ப்பு சொல்கிறது. ஆனால் அடித்த ஸ்டேஷனிலேயே போய் நிற்பது வீண், ஆபத்தும் கூட. எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எல்லை பார்க்காமல் பதிய வேண்டும். மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். 173(4)ன்படி எஸ்.பி.க்கு (மாநகரங்களில் ஆணையருக்கு) தபாலில் அனுப்ப வேண்டும். விரைவுத் தபால், சேர்ந்ததற்கான சான்று, இணையத்தில் காட்டும் விநியோக விவரத்தின் அச்சுப் பிரதி மூன்றையும் ஒன்றாகப் பின் செய்து வையுங்கள். இந்தப் படியைத் தாண்டி நேரே நடுவரிடம் போனால் மனு திரும்பி வரும்.

ஸ்டேஷனில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. அது மனு வந்ததற்கான அத்தாட்சி மட்டும். அதை வழக்குப் பதிவு என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் பலர்.

எஸ்.பி. அலுவலகத்தில் கொடுத்த மனு வழக்கமாக அதே உட்கோட்ட டி.எஸ்.பி.க்கு இறங்கும். அவர் சம்பந்தப்பட்டவரின் நேரடி மேலதிகாரி. ஆகவே மனுவிலேயே ‘வேறு உட்கோட்ட அதிகாரி விசாரிக்க வேண்டும்’ என்று கேளுங்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால் எழுத்துச் சம்மன் கேட்டு, முடிந்தால் வழக்கறிஞரோடு போங்கள். சொன்னதைப் படித்துப் பார்த்து, எழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் கோடு இழுத்த பிறகே கையெழுத்திடுங்கள். ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்ற ஒற்றை வரி அந்த வெற்றிடத்தில் ஏறி முடிந்துபோன மனுக்கள் உண்டு.

அடுத்தது நடுவர் நீதிமன்றம், பி.என்.எஸ்.எஸ். 175ஆம் பிரிவு, பிரமாணப் பத்திரத்துடன். இங்கே 2024 ஜூலையிலிருந்து ஒரு புதிய தடை இருக்கிறது. அரசு ஊழியர் தன் பணியின்போது செய்ததாகச் சொல்லப்படும் செயல் என்றால், மேலதிகாரியின் அறிக்கையையும் அந்த ஊழியர் தரும் விளக்கத்தையும் பார்த்த பிறகே விசாரணைக்கு உத்தரவிடலாம் என்று 175(4) சொல்கிறது. அறிக்கை எப்படி வரும் என்பதை யூகிப்பது கடினமல்ல. மனுவின் முதல் பக்கத்திலேயே, அந்த நேரத்தில் வழக்கு எதுவும் பதிவாகவில்லை, கைதுக் குறிப்பு இல்லை, சம்மன் இல்லை என்று உண்மையில் எவை இல்லையோ அவற்றை வரிசையாக வைக்க வேண்டும். சட்டப்படியான பணியே நடக்காத இடத்தில் பணிப் பாதுகாப்பு கேட்பது கடினமாகும்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு (சென்னை, பசுமைவழிச் சாலை) வெள்ளைத்தாளில் தமிழில் எழுதலாம், கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போய்ச் சேர வேண்டும். தேசிய ஆணையத்துக்கும் மாநில ஆணையத்துக்கும் ஒரே மனுவை அனுப்பினால் ஒன்று மற்றதைக் காட்டி முடித்துவிடும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆணையத்தின் பரிந்துரையை அரசு ஓரத்தில் வைக்க முடியாது, அது கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொன்னது. இழப்பீடும் துறை நடவடிக்கையும் இந்த வழியில்தான் ஓரளவு கிடைக்கின்றன. தண்டனை இங்கே கிடைக்காது, அதற்குக் குற்ற வழக்கு தனியாக நடக்க வேண்டும்.

காவல் புகார் ஆணையம் என்ற ஒன்றும் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2006 பிரகாஷ் சிங் தீர்ப்பு கேட்டது ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையிலான சுதந்திர அமைப்பை. தமிழ்நாடு 2013 சட்டத்தில் அமைத்தது உள்துறைச் செயலாளர் தலைமையில் டி.ஜி.பி. உறுப்பினராக இருக்கும் அமைப்பு. மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். மனு அனுப்பலாம். அதை மட்டும் நம்பி ஓராண்டைக் கழிக்க வேண்டாம்.

கொடுங்காயம் என்றால் காவல் நிலையாணை 151ன்படி கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் விசாரணை கேட்கலாம், இது போலீஸுக்கு வெளியே உள்ள கை. 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரத்தில் பற்களைப் பிடுங்கியதாகப் புகார் வந்தபோது முதலில் விசாரித்தவர் சேரன்மகாதேவி சார் ஆட்சியர்தான்.

லஞ்சப் புகாரின் பாதை முற்றிலும் வேறு: லஞ்ச ஒழிப்புத் துறை. பணம் கொடுப்பதற்கு முன்னால் போக வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுத்தவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் தெரிவித்தால்தான் தப்பலாம்.

இடமாற்றம் வந்ததும்

புகார் சூடாக இருக்கும்போது ‘ஆயுதப்படைக்கு மாற்றம்’ என்ற செய்தி வரும். ஊரில் வெற்றி என்று பேசுவார்கள், சமரசத்துக்கும் ஆள் வரும். இடமாற்றம் தண்டனை அல்ல. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகளில் சிறு தண்டனைக்கு 3(ஏ), பெருந்தண்டனைக்கு 3(பி) குற்றக் குறிப்பாணை. பணி நீக்கம் வரை போகக்கூடியது இரண்டாவது. ஆகவே எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள்: இன்ன தேதியிட்ட என் மனு மீது விசாரித்த அதிகாரியின் பதவி என்ன, அறிக்கை அனுப்பிய தேதி என்ன, 3(ஏ) அல்லது 3(பி) குறிப்பாணை வழங்கப்பட்டதா, வழங்கிய தேதி என்ன. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மனுவின் நகலைக் கோப்பில் வைக்கும்போது, சம்பவத் தேதியிலிருந்து மனித உரிமை ஆணையத்துக்கான ஓராண்டு முடியும் நாளை அட்டையின் மேல் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.